நார்மல் சார்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட எட்டு வயது மூத்த டாக்டரம்மாவுக்கும் அக்காதான். ரத்தம் கொடுக்க வருகிற எழுபது வயதுக்காரர்கள்கூட, "அக்கா, வலிக்காம எடுத்துவிடுங்க" என்று கையை நீட்டுவார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுகிற அளவுக்குப் பழகிப்போனது.

அவள் கணவரின் பெயரும் அங்கே அப்படித்தான் காணாமல் போனது. பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். ஆய்வுக்கூடத்தில் அவர் நார்மல் சார்.

பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். மூளைக்குள் ஆழத்தில் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் வீடே அலறி அடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடும். இந்தச் சின்னக் குழாய்கள் தடித்துச் சுருங்கினால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. மனிதர் நடப்பார், சாப்பிடுவார், பேரன் பேத்தி பெயரெல்லாம் தப்பில்லாமல் சொல்வார். யோசனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகும். நாலு வேலையை வரிசைப்படுத்தச் சொன்னால் திணறுவார். ஸ்கேன் எடுத்தால் மூளையில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஆனால் ஊரில் உள்ள அத்தனை பேரையும் ஸ்கேன் மெஷினுக்குள் தள்ள முடியுமா? நரம்பு இழைகள் சிதையும்போது அவற்றிலிருந்து ஒரு புரதம் துளித் துளியாகக் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. அதை அளந்தால், இந்தச் சரிவை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா? டாக்டரம்மா ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த கேள்வி இதுதான்.

நோயாளிகளின் ரத்தம் மட்டும் போதாது. எதோடு ஒப்பிடுவது? ஆரோக்கியமான ஒரு ஆள், மாதா மாதம் தவறாமல் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கையால் ஊசி போட்டுக்கொண்டு ரத்தம் கொடுக்க வேண்டும். அவர் ரத்தத்தில் அந்தப் புரதத்தின் எண் அசையாமல் நின்றால், ஊசியிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். இப்படி மாதா மாதம் சலிக்காமல் வரக்கூடிய ஆள் எங்கே கிடைப்பார் என்று டாக்டரம்மா தலையைச் சொறிந்தபோது, அக்கா தன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. எண் ஒன்பது. அடுத்த மாதமும் ஒன்பது. அதற்கடுத்த மாதம் எட்டரை. "இவர்தாங்க நார்மல்" என்றார் டாக்டரம்மா. பெயர் ஒட்டிக்கொண்டது.

மனிதர் அதைச் சும்மா விடுவாரா? வீட்டில் எந்த வாக்குவாதம் வந்தாலும் கடைசி ஆயுதம் அதுதான். "இங்க பாரு, இந்த வீட்டுல ஆராய்ச்சி பண்ணி நார்மல்னு நிரூபிச்ச ஆள் நான் ஒருத்தன்தான். உனக்கு அப்படி ஏதாவது சர்ட்டிபிகேட் இருக்கா?" என்பார். அக்கா கரண்டியைக் காட்டுவாள். அதோடு வாக்குவாதம் முடியும்.

ஐந்தாவது வருடத்தில் அந்த எண் அசைந்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினொன்று வந்தது, பன்னிரண்டு வந்தது. வயது ஏற ஏற எல்லோருக்கும் கொஞ்சம் ஏறுவதுதான். பதினைந்து வந்தபோது டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். பதினெட்டு வந்தபோது மெஷின்காரரைக் கூப்பிட்டார்கள்.

மெஷின்காரர் என்றால் அந்த அளவுக் கருவியை விற்ற கம்பெனியிலிருந்து வருகிற பழுது பார்ப்பவர். நல்ல மனிதர். ஆனால் அவருடைய மெஷினைக் குறை சொன்னால் அவர் பெண்டாட்டியைக் குறை சொன்னமாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இரண்டு நாள் அதைப் பிரித்துப் போட்டு, துடைத்து, திரும்பப் பூட்டினார். எவ்வளவு வர வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த இரண்டு சோதனைக் குப்பிகளைக் கம்பெனியே அனுப்பும். அவற்றை ஓட்டிக் காட்டினார். புள்ளி பிசகாமல் வந்தது.

"மெஷின் கல்லு மாதிரி இருக்குங்க" என்று அடித்துச் சொன்னார். "மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு பாருங்க."

அதற்கு முன்னாடி நடப்பது எல்லாம் அக்காவின் கை. ஊசி குத்துவது, குழாயில் பிடிப்பது, அரை மணி நேரத்துக்குள் சுழல் கருவியில் வைத்துச் சுற்றித் தெளிந்த பிளாஸ்மாவைப் பிரிப்பது, நாலு சின்னக் குப்பியில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைப்பது. இருபத்திரண்டு வருட அனுபவம். அவளைப் பார்த்து உன் கையில்தான் கோளாறு என்று ஒருவர் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனால் எப்படி இருக்கும்? அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதோடு கூடவே வேறொன்றும் வந்தது. சரியில்லாத ஒரு எண்ணைப் பார்த்தால், காரணத்தைத் தோண்டி எடுக்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவள் குணம் அப்படி. கோபத்தைவிட அந்த அரிப்புதான் அவளுக்கு எப்போதும் ஒரு படி மேல்.

நாலு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ரத்தக் குழாய்களின் பெட்டி எண்ணை எழுதி வைத்தாள். புதுப் பெட்டி வந்த மாதம் எண் ஏறியதா? இல்லை. சுழல் கருவிக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். சூடு ஏறவில்லை. ஒருவேளை காலையில் கூட்டம் அதிகமான நாட்களில் குழாய் மேஜையில் கிடந்திருக்குமோ? வேண்டுமென்றே ஒரு குழாயை மூன்று மணி நேரம் மேஜையில் போட்டுவிட்டு, பிறகு சுற்றிப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் புரதம் அவ்வளவு எளிதில் சாயம் போகிற ரகம் இல்லை என்று தெரிந்தபோது அவளுக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

"அக்கா, துப்பறியும் வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க" என்றார் டாக்டரம்மா.

"குற்றவாளி யாருன்னு தெரியாம நான் எங்கயும் போகமாட்டேன் டாக்டரம்மா" என்றாள் அக்கா.

இதற்கிடையில் வீட்டில் சாப்பாட்டு மேஜை காணாமல் போயிருந்தது. வருடா வருடம் பள்ளிக்கூடத்துக்குப் பாட அட்டவணை போடுவது நார்மல் சார்தான். நாற்பது வகுப்பு, அறுபது ஆசிரியர், ஒரே ஒரு விளையாட்டு மைதானம். யாரும் யாரோடும் மோதாமல் எல்லோரையும் எல்லா மணி நேரத்திலும் உட்கார வைக்க வேண்டும். மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் தட்டுவார்கள். இவர் கலர் அட்டைகளை வெட்டி மேஜையில் பரப்பி, சீட்டு விளையாடுகிறமாதிரி நகர்த்தி, ஒரு சனி ஞாயிறுக்குள் முடித்துவிடுவார். இந்த வருடம் அட்டைகள் பரப்பி ஐந்து வாரம் ஆகிவிட்டது. இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"என்னங்க, இந்த மேஜையை எப்பதான் திருப்பிக் கொடுப்பீங்க?"

"இந்த வருஷம் புதுசா மூணு பேர் சேர்ந்திருக்காங்க. சிக்கலா இருக்கு."

"போன வருஷம் அஞ்சு பேர் சேர்ந்தாங்களே?"

அவர் ஒரு மஞ்சள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வருவதற்குள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "சரி சரி, இப்படிக் கொடுங்க" என்று அட்டையை வாங்கித் தானே ஒரு கட்டத்தில் வைத்தாள். வேலை முடிந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

ஐந்தாம் மாதம் எண் இருபத்தொன்று. அன்று பிற்பகல் அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. முன்பே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. ஏன் தோன்றவில்லை என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருவோம்.

மாதா மாதம் நாலு குப்பி உறைய வைக்கிறோமே, அதில் ஒன்றைத்தானே அளக்கிறோம்? மிச்சமெல்லாம் ஆறு வருடமாக ஃப்ரீசருக்குள் வரிசையாக உறங்குகின்றன. கோளாறு மெஷினில் என்றால், பழைய குப்பியை இன்று ஓட்டினாலும் எண் ஏறித்தான் வரும். கோளாறு அவள் கையில் என்றால், அதே கையால் இன்று வேறு ஒருவரின் ரத்தத்தை எடுத்தாலும் ஏறித்தான் வரும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஒரே நாளில் ஓட்டினால் பூனைக்குட்டி வெளியே வந்துவிடும்.

வேறு ஒருவர் யார்? டாக்டரம்மாவின் கையில் ஒரு குழாய் எடுத்தாள். இடது கையில் ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டிக்கொண்டு தன் கையிலும் ஒரு குழாய் எடுத்துக்கொண்டாள். ஃப்ரீசரைத் திறந்து, கையுறையோடு புகைந்த குளிருக்குள் கைவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒன்றாகத் தன் கணவரின் இருபத்து நாலு குப்பிகளை எடுத்தாள். பொடி எழுத்தில் தேதி எழுதியிருந்தது எல்லாம் அவள் கையெழுத்துதான். அவற்றைக் கலைத்து, எது எந்தத் தேதி என்று தனக்கே தெரியாதபடி எண் போட்டு, மெஷினில் ஏற்றினாள். ஆசையாக இருந்தது. பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பிள்ளைக்கு இருக்கும் படபடப்பு.

இரண்டரை மணி நேரம் கழித்து எண்கள் வந்தன. டாக்டரம்மா தேதி வாரியாக வாசிக்க, அக்கா ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்பது, எட்டரை, ஒன்பது, ஒன்பது. நாலு வருடத்துப் புள்ளிகள் மேஜை விளிம்புபோல நேராகப் போயின. பிறகு ஒவ்வொன்றாக ஏறின. பத்து, பதினொன்றரை, பதினாலு, பதினேழு, இருபத்தொன்று. டாக்டரம்மாவுக்குப் பதின்மூன்று, அவர் வயதுக்கு அது சரி. அக்காவுக்கு எட்டு.

"அப்ப மெஷின் சரி" என்றாள் அக்கா. குரலில் வெற்றி இருந்தது. "என் கையும் சரி!"

சொல்லி முடித்த பிறகுதான் மிச்சம் என்ன என்று அவளுக்கு உறைத்தது. தாளில் ஏறிப் போகிற கோடு ஒரு ஆளுடையது. அந்த ஆள் காலையில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். பேனாவை மூடி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "ஒரு எண்ணை வச்சு நோய்னு சொல்லக் கூடாது அக்கா. உங்களுக்குத் தெரியாததா? கிட்னி சரியா வேலை செய்யலைன்னாலும் இது ஏறும். தலையில அடிபட்டாலும் ஏறும்" என்றார்.

கிட்னியை அதே குப்பியிலேயே பார்த்துவிடலாம். பார்த்தார்கள். கிட்னி நன்றாக இருந்தது. அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"என்னங்க, சமீபத்துல தலையில எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"உன்னைக் கல்யாணம் பண்ணப்போ இடிச்சது. அதுக்கப்புறம் இல்லை."

"விளையாடாதீங்க. அலமாரிக் கதவு? பஸ்ஸுல? படியில?"

"என்ன இது, விசாரணையா?" என்று சிரித்தார். சிரிப்பு வர ஒரு கணம் பிந்தியதோ என்று அவளுக்குத் தோன்றியது. நாலு மாதமாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பழகிய கண் அது, இனி எதைத்தான் விடும்?

மறுநாள் காலை முதல் வேலையாக அவருடைய கோப்பை எடுத்தாள். ஆராய்ச்சிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, எதிரில் உட்கார வைத்து, நாலு பக்கக் கேள்வித்தாளை வாசித்து, பதிலை எழுதி, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து, கையெழுத்து வாங்க வேண்டும். அக்கா அதில் கண்டிப்பானவள். "ஒன்னும் இல்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நழுவப் பார்க்கிற பெரியவர்களை அவள் விட்டதே இல்லை. மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி வெளுத்து வாங்குவாள்.

முதல் வருடத் தாளில் பிரஷர் நூற்று இருபத்தாறுக்கு எண்பது. அவளே பார்த்து எழுதியது. இரண்டாம் வருடம், நார்மல். மூன்றாம் வருடம், நார்மல். நாலு, ஐந்து, ஆறு, எல்லாவற்றிலும் எண் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒரே வார்த்தை. அவள் கையெழுத்து. நோய் ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு எதிரே இல்லை. மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இல்லை. மேலிருந்து கீழ்வரை இல்லை, இல்லை, இல்லை. எப்போது நிரப்பினாள் என்பதுகூட நினைவுக்கு வந்தது. அவர் வருவதற்கு முன்பே, கூட்டம் சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று, நின்றபடியே டிக் அடித்து வைத்துவிடுவாள். வந்ததும் "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று பேனாவை நீட்டுவாள். இருபத்தாறு வருடம் கூடவே இருக்கிற மனிதர். அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஊரில் உள்ள அத்தனை பேரையும் குடைந்து குடைந்து கேட்டவள், ஒரே ஒருவரைக் கேட்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம்போல இருந்தது. கோப்பை டாக்டரம்மாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

"நான்தான் டாக்டரம்மா. தப்பு என் பேர்லதான்" என்றாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நன்றாகத் திட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "ஒரு வெத்துத் தாள் எடுத்துக்குங்க" என்றார் அவர். "பிரஷர் பட்டையும் எடுத்துக்குங்க. இன்னிக்கு அரை நாள் லீவு. போய்க் கேளுங்க."

அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மணி நாலரை. சாப்பாட்டு மேஜையில் அட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, அக்கா கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு நாற்காலி. வெளியே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"உட்காருங்க" என்றாள். ஆய்வுக்கூடத்துக் குரல்.

அவர் பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். விளையாட்டாக ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உட்கார்ந்தார்.

"கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னா போதும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்லை."

"மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி ஏதாவது வந்திருக்கா?"

"இல்லை."

"பிரஷர் இருக்கா?"

"இருக்கு" என்றார்.

பேனா நின்றது. எதிர்பார்த்துத்தான் கேட்டாள், இருந்தாலும் தூக்கிவாரிப் போட்டது. "எப்போலேர்ந்து?"

"மூணு வருஷம். ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரு நாள் செக்கப் வச்சாங்க. அப்ப சொன்னாங்க."

"மாத்திரை கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க."

"சாப்பிடுறீங்களா?"

"இல்லை."

"ஏன்?" என்றாள். அந்தக் கேள்வி தாளில் இல்லை.

அவர் மேஜையில் கிடந்த அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். பச்சையோடு பச்சை, மஞ்சளோடு மஞ்சள். "அன்னைக்கு வாங்கிட்டு வந்தேன். மறுநாள் ரத்தம் கொடுக்கிற நாள். உங்க கூடத்துச் சுவர்ல எழுதிப் போட்டிருக்குமே, கண்ட்ரோலா, ஒப்பிட்டுப் பார்க்கிற நார்மல் ஆளா இருக்கிறவங்க தினசரி மாத்திரை எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு. அதுக்கு முந்தின வாரம்தான் நீ சொன்ன, உங்க டாக்டரம்மாவோட கட்டுரை வெளிய வரப்போகுது, நான் இல்லைன்னா எல்லாத்தையும் மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும்னு. சரி, ஒரு மாசம் தள்ளிப்போடலாம்னு நினைச்சேன். கட்டுரை தள்ளித் தள்ளிப் போச்சு. நானும் தள்ளிக்கிட்டே போனேன். எனக்கு ஒன்னும் செய்யலையே. தலைவலிகூட இல்லை."

"பிரஷருக்குத் தலைவலி எதுக்கு வரணும்? அது பாட்டுக்கு உள்ள..." பேனாவை மேஜையில் போட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன, வேத்து ஆளா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் அந்த ஃபாரம் வரும்போது, கேட்டா சொல்லிடலாம்னுதான் வருவேன்." அட்டைகளைக் கீழே வைத்தார். "நீ கேட்கவே இல்லையே. எல்லாம் எழுதி ரெடியா இருக்கும். நல்லா இருக்கேன்னு நீயே எழுதி வச்சிருந்தா, நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

அக்கா அவர் கையை இழுத்துப் பட்டையைச் சுற்றினாள். நூற்று எண்பத்து நாலுக்கு நூற்றுப் பத்து. மறுபடி பார்த்தாள். நூற்று எண்பத்தாறு. எண்ணை எழுதினாள். ஐந்து வருடமாக நார்மல் என்ற வார்த்தை மட்டுமே இருந்த கட்டத்தில் முதல் முறையாக ஒரு நிஜமான எண் உட்கார்ந்தது. நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போக வேண்டும், பிறகு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள்.

"அந்த எண்ணு ஏறுதுன்னியே, அது நான்தானா?" என்று கேட்டார். மெஷின்காரர் வந்தது, கருவியைப் பிரித்தது எல்லாம் அவருக்குத் தெரியும். தினமும் கதைபோலச் சொல்லியிருக்கிறாள்.

"நீங்கதான்."

"கிராஃப் இருக்கா?"

பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். கணக்கு வாத்தியார் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். விரலைக் கோட்டின்மேல் மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கதான் சாய்வு மாறுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. செக்கப் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு." அவர் முகத்தில் பயம் இருந்தது, ஆனால் அதையும் மீறி ஒரு ஆர்வம் தெரிந்தது. நல்ல கணக்கு கிடைத்தால் வருகிற ஆர்வம். "மாத்திரை சாப்பிட்டா இது இறங்குமா?"

"தெரியாது. யாருக்கும் சரியா தெரியாது. ஏறுறது நிக்கலாம்."

"அப்ப இனிமேலும் மாசா மாசம் எடுங்க. புள்ளி எங்க விழுதுன்னு பார்க்கணும் இல்லையா? நல்லா இருந்த காலத்துலேர்ந்து ஒரே ஆளோட ரத்தம் இத்தனை குப்பி வேற யார்கிட்ட இருக்கு?"

காலையில் அவள் கிளம்பும்போது டாக்டரம்மாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லி அனுப்பினார். அப்போது அக்காவுக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது இவர் சொல்லும்போது அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பினாள். இன்னும் ஒரு பக்கம் பாக்கி.

"யோசிக்கிறதுல, வேலைகளை வரிசைப்படுத்துறதுல, முன்னைவிட நேரம் ஆகுதா?"

அவர் பேசவில்லை. அக்கா காத்திருந்தாள். வழக்கமாக அவர் இப்படி நிறுத்தினால் அவளே வாக்கியத்தை முடித்துவிடுவாள். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆகுது" என்றார். "இந்த அட்டவணையே போட முடியலை. ரெண்டு வாத்தியாரை ஒரே கிளாஸுக்கு அனுப்பிட்டேன் போன வாரம். பசங்க சிரிச்சாங்க. முன்னாடி ஒரு அட்டையை நகர்த்தும்போதே அடுத்த பத்து அட்டை தானா கண்ணுக்குத் தெரியும். இப்ப ஒன்னை வச்சா இன்னொன்னு மறைஞ்சுடுது."

அவள் அதை அப்படியே எழுதினாள். அடுத்தது கடைசிக் கேள்வி. அதை நோயாளியிடம் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவி பக்கமோ மகன் பக்கமோ தாளைத் திருப்பி வைத்து, "நீங்க நிரப்புங்க" என்று பேனாவைக் கொடுத்துவிட்டு அக்கா எழுந்து போய்விடுவாள். கூட இருக்கிறவர்கள் மனம்விட்டு எழுதட்டும் என்பதற்காக. உடன் வசிப்பவர் இவரிடம் மாற்றம் எதையாவது கவனித்ததுண்டா? ஆம் எனில், எவ்வளவு காலமாக?

தாளைத் திருப்பி வைக்க அங்கே வேறு யாரும் இல்லை.

ஊருக்குப் போகும்போது பெட்டி அடுக்குவது எப்போதிலிருந்து அவள் வேலையானது? கரண்ட் பில், காஸ் பதிவு எல்லாம் எப்போது அவள் கைக்கு வந்தது? கடையில் எதை முதலில் வாங்குவது என்று தெரியாமல் அவர் கூடையோடு நின்றபோது, பொறுமை இல்லாமல் கூடையைப் பிடுங்கினாளே, அது எத்தனை தடவை? அவர் பேச்சைப் பாதியில் பிடுங்கித் தானே முடித்தது எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையும், வயசாகுது, சோம்பேறித்தனம், ஆம்பளைங்களே இப்படித்தான் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். மெஷினைச் சந்தேகப்பட்டாள். குழாயை, சுழல் கருவியை, தன் கையைக்கூடச் சந்தேகப்பட்டாள். பழைய குப்பிகளை ஓட்டிப் பார்க்கிற யோசனை ஐந்து மாதமாக ஏன் வரவில்லை என்றால், என்ன வரும் என்று அவளுக்குள் எங்கேயோ தெரிந்திருந்தது.

ஆம் என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில், இரண்டு வருடமாக என்று எழுதினாள்.

தாளை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அவர் உடனே போடவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, நிதானமாக வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அப்ப மறைச்சது நான் மட்டும் இல்லை" என்றார்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. "நீங்களாவது கேட்டதும் சொல்லிட்டீங்க."